மேற்பக்கம் எது, கீழ்ப்பக்கம் எது? வாசகர் கேள்வி – பதில்

இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் பெரும்பாலானவை தண்ணீரைப் பற்றியவை. களனி கங்கை, ஒழுங்கைக் கான், கிணறு, வீட்டுக் குழாய் என்று இடம் மாறினாலும் முதலில் தெரிய வேண்டியது ஒன்றுதான்: தண்ணீர் எங்கிருந்து வந்து எங்கே போகிறது, அந்த வழியில் நாங்கள் எங்கே இருக்கிறோம். மேலே நடப்பது கீழே வந்து சேரும் என்பது எல்லோருக்கும் தெரியும். கீழே நடப்பது மேலே இருப்பவரையும் பிடிக்கும் என்பதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள்.

கேள்வி: மழை தொடங்கினால் வட்ஸ்அப்பில் நீர்மட்ட அட்டவணை வருகிறது. அதில் எங்கள் பக்கத்துக்கு எந்த வரியைப் பார்க்க வேண்டும்? நாகலகம் வீதி வரியில் "வழமை நிலை" என்று போட்டிருந்த அன்றிரவே வீட்டுக்குள் தண்ணீர் வந்தது என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. அது எப்படி?
– வாசகி, வெல்லம்பிட்டிய

பதில்: அக்கா சொல்வது நடக்கக்கூடியதுதான். நாகலகம் வீதி நீர்மானி கிராண்ட்பாஸ் பக்கம், ஆறு கடலில் சேர்வதற்குச் சில கிலோமீற்றர் முன்னால் இருக்கிறது. வெல்லம்பிட்டிய அதற்கு மேற்பக்கம். உங்களைக் கடந்து போன தண்ணீரைத்தான் அந்த மானி அளக்கிறது. அது சொல்வது இந்த நேரத்து நிலை. இன்றிரவும் நாளையும் வரப்போவதை அறிய, ஆற்றில் உங்களுக்கு மேலே இருக்கும் மானிகளைப் பார்க்க வேண்டும்.

நீர்ப்பாசனத் திணைக்களம் அளக்க, அனர்த்த முகாமைத்துவ நிலையம் வெளியிடும் அந்த அட்டவணையில் களனி கங்கைக்கு முதல் வரி வழக்கமாக நாகலகம் வீதி. ஆற்றிலோ அதுதான் கடைசி. ஆகவே களனிப் பகுதியைக் கீழ் வரியிலிருந்து மேலே வாசியுங்கள்.

கடைசி வரியில் நோர்வூட் இருக்கும். அதைப் பார்த்து அவ்வளவு பதற வேண்டாம். நோர்வூட்டைக் கடக்கும் கெஹெல்கமு ஓயா அடுத்ததாகக் காசல்ரீ நீர்த்தேக்கத்துக்குள் போகிறது. தேக்கத்தில் இடம் இருக்கும்வரை அந்தத் தண்ணீர் அங்கேயே நிற்கும். அதற்கு மேல் வரிகளில் வரும் தெரணியகல சீதாவக்க கங்கையிலும், ஹொலொம்புவ குருகொட ஓயாவிலும், கித்துல்கல பிரதான ஆற்றிலும் உள்ளன. இந்த மூன்று வழியாகவும் வரும் நீர் சேர்ந்த பிறகு அளக்கும் இடம் அவிசாவளைக்கு அருகிலுள்ள கிளென்கோர்ஸ். அடுத்தது ஹன்வெல்ல. கொழும்பில் இருப்பவர் கண் வைக்க வேண்டியது இந்த இரண்டு வரிகளில்.

கிளென்கோர்ஸில் 15 மீற்றர் விழிப்பு மட்டம், 16.5 சிறு வெள்ளம், 19 பெருவெள்ளம். ஹன்வெல்லவில் இவை 7, 8, 10 மீற்றர். நாகலகம் வீதியில் நெடுங்காலமாக அடிக்கணக்கு: 4, 5, 7 அடி. எண்களை ஊருக்கு ஊர் ஒப்பிடாதீர்கள். ஒவ்வொரு மானியின் பூச்சியமும் வேறு உயரத்தில் இருக்கிறது. கிளென்கோர்ஸ் 14 மீற்றர் காட்டினாலும் ஆறு அங்கே விழிப்பு மட்டத்துக்குக் கீழேதான் ஓடுகிறது. ஹன்வெல்ல 10 காட்டினால் ஊர் நீரில் நிற்கிறது. நாகலகம் வீதி எண் அடியிலா மீற்றரிலா என்று அலகுப் பத்தியையும் பாருங்கள். 7 அடி என்பது 2.13 மீற்றர். 2 என்ற எண்ணைக் கண்டு "இரண்டடிதானே" என்று இருந்துவிட்டால் பெருவெள்ளம் வாசலுக்கு வந்துவிடும். மட்டங்கள் திருத்தப்படலாம் என்பதால், அன்றைய அட்டவணையிலேயே அச்சிட்டிருக்கும் மட்டங்களோடுதான் ஒப்பிட வேண்டும்.

அட்டவணையில் இரண்டு நேரத்து நீர்மட்டங்கள் பக்கம் பக்கமாக இருக்கும். கழித்து, இடைப்பட்ட மணித்தியாலங்களால் வகுத்துப் பாருங்கள். ஹன்வெல்ல 3 மணித்தியாலத்தில் 7.4இலிருந்து 8.0க்கு வந்தால் மணிக்கு 20 சென்ரிமீற்றர் ஏற்றம். அந்த வேகம் குறையவில்லையென்றால் 10 மீற்றருக்கு இன்னும் 10 மணித்தியாலம்தான். நீர்மட்டம் எவ்வளவு என்பதைப் போலவே, ஏறுகிறதா இறங்குகிறதா என்பதும் முக்கியம்.

கித்துல்கலவில் ஆறு ஒடுங்கிய பள்ளத்தாக்கில் ஓடுவதால் சட்டென்று ஏறிச் சட்டென்று இறங்கும். அவிசாவளைக்குக் கீழே நிலம் தட்டை. ஹன்வெல்ல, கடுவெல பக்கத்து வயல்களிலும் தாழ்நிலங்களிலும் நீர் பரவி நின்று மெதுவாகக் கீழே வருகிறது. அதனால் ஹன்வெல்லவில் உச்சம் கண்டபின் நாகலகம் வீதியில் உச்சம் வரப் பல மணித்தியாலங்கள், சில வேளை ஒரு நாளுக்கும் மேல் ஆகும். கொழும்பில் வெயில் அடிக்கும்போது வெல்லம்பிட்டியவில் வெள்ளம் ஏறுவது இதனால்தான். 2016 மே வெள்ளத்தில் நாகலகம் வீதி 7 அடியைத் தாண்டியது. நீர் வடியப் பல நாட்கள் எடுத்தது. மழை விட்டதென்று மேல்மாடிக்கு ஏற்றிய பொருட்களை இறக்காதீர்கள். ஹன்வெல்லவில் நீர் இறங்கத் தொடங்கி, அதன் பிறகு நாகலகம் வீதியிலும் இறங்கினால்தான் இறக்கலாம்.

வான்கதவுச் செய்திகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. "லக்ஷபான, கெனியன், விமலசுரேந்திர வான்கதவுகள் திறப்பு" என்ற செய்தி வந்ததும் கொழும்பில் பயம் கிளம்புகிறது. காசல்ரீ, மவுசாகலை முதலிய மலைநாட்டுத் தேக்கங்களில் சேர்வது களனியின் நீரேந்து பரப்பில் ஒரு சிறு பங்குக்கு விழும் மழை மட்டுமே. யட்டியாந்தோட்டை, ருவன்வெல்ல, தெரணியகல பக்கம் கொட்டும் மழையை மறிக்கப் பெரிய தேக்கம் எதுவும் இல்லை. அது நேரே வருகிறது. ஆகவே வான்கதவுச் செய்தியைவிட அந்த ஊர்களின் மழை அளவு உங்களுக்குப் பெரிய செய்தி. அட்டவணையின் கடைசிப் பத்தியில் தெரணியகல, ஹொலொம்புவ, கித்துல்கல மானிகளில் பெய்த மழை அளவு இருக்கும்.

உங்கள் வீடு வெள்ளத்தடுப்பு அணைக்கட்டின் ஆற்றுப் பக்கமா நகரப் பக்கமா என்பதை மழை இல்லாத நாளில் நடந்து பார்த்து வையுங்கள். ஆற்றுப் பக்கமானால் ஹன்வெல்ல 8 மீற்றரைத் தாண்டி ஏறிக்கொண்டிருக்கும் போதே ஆவணங்கள், மருந்து, எரிவாயுச் சிலிண்டர், குளிர்சாதனப்பெட்டி ஆகியவற்றை உயர்த்தத் தொடங்க வேண்டும் என்பது எங்கள் கருத்து. இரவு 10 மணிக்கு அந்த நிலை என்றால் விடியட்டும் என்று படுக்க வேண்டாம். உதவிக்கு அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

கேள்வி: பியகமத் தண்ணீர்த் திட்டத்தை "களனி வலது கரை" என்கிறார்கள். கடற்கரையிலிருந்து ஆற்றைப் பார்த்தால் பியகம இடப்பக்கம் அல்லவா வருகிறது?
– மாணவர், வத்தளை

பதில்: பார்க்கும் திசையை மாற்றுங்கள், தம்பி. ஆற்றின் கரைகளுக்குப் பெயர் வைக்கும்போது ஆறு போகும் பக்கம் முகம் வைத்து, அதாவது கீழ்ப்பக்கம் பார்த்து நிற்க வேண்டும். களனி மேற்கே ஓடுகிறது. மேற்கே பார்த்து நின்றால் வலக்கை வடக்கே. பியகம, களனி, பேலியகொட, உங்கள் வத்தளை எல்லாம் வலது கரை. கொழும்பு நகரும் மட்டக்குளியும் இடது கரை. வரைபடம் எந்தப் பக்கம் திரும்பியிருந்தாலும், படகு எந்தப் பக்கமிருந்து வந்தாலும் இது மாறாது. மீட்புப் படகுக்கு இடம் சொல்லும்போது "வலது கரை, பாலத்துக்கு மேற்பக்கம்" என்று சொன்னால் குழப்பம் வராது.

கேள்வி: கடும் வரட்சியில் குழாய்த் தண்ணீர் சில நாட்கள் உப்புக் கரிக்கிறது. ஆற்றுத் தண்ணீருக்கு உப்பு எங்கிருந்து வருகிறது? கொதிக்கவைத்தால் போகுமா? எங்கள் வீட்டில் அப்பாவுக்கு இரத்த அழுத்தம்.
– வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: கீழ்ப்பக்கமிருந்து, கடலிலிருந்து வருகிறது. கொழும்புக்கு நீர் தரும் அம்பத்தளைச் சுத்திகரிப்பு நிலையம் கழிமுகத்திலிருந்து சுமார் 14 கிலோமீற்றர் உள்ளே ஆற்றில் நீர் எடுக்கிறது. மழைக்காலத்தில் ஆற்றின் வேகம் கடலைத் தள்ளி வைக்கும். மாதக்கணக்கில் மழை இல்லாமல் ஆறு மெலிந்தால் கடல்நீர் உள்ளே நுழையும். உப்புநீர் கனமானது; நல்ல நீருக்கு அடியில், படுக்கையோடு ஒட்டி மேல்நோக்கி ஊர்ந்து வரும். மேலே பார்த்தால் ஆறு கடலை நோக்கி ஓடுவதாகவே தெரியும்.

இதை மோசமாக்கியது மணல் அகழ்வு. மணலை வாரி எடுக்க எடுக்கப் படுக்கை தாழ்ந்து, கீழ்க் களனியின் நீண்ட பகுதியில் கடல்மட்டத்துக்கும் கீழே போய்விட்டது. உப்புநீருக்கு அது திறந்த வழி. இதைத் தடுக்க, நீர் எடுக்கும் இடத்துக்குக் கீழ்ப்பக்கத்தில் ஆற்றின் குறுக்கே தடுப்பு வைக்கப்படுகிறது. ஒவ்வொரு வரட்சிக்கும் மணல் மூட்டை அடுக்குவது பழைய வழி. கதவுள்ள நிரந்தரத் தடுப்பு அதற்குப் பதிலாக வந்தது. தடுப்பு கீழ்ப்பக்கத்தில்தான் இருக்க வேண்டும். மேற்பக்கத்தில் கட்டினால் நல்ல நீரை மறித்து உப்பை வரவேற்றதாகிவிடும்.

கொதிக்கவைத்தால் உப்புப் போகாது. நீர் ஆவியாகி உப்பு மிஞ்சுவதால் கரிப்பு ஒரு நூல் கூடும். மண்பானை, துணி வடிகட்டி, கரி வடிகட்டி எதுவும் உப்பைப் பிடிக்காது. எதிர்ச் சவ்வூடுபரவல் முறையில் வேலை செய்யும், ஆர்.ஓ. என்று விற்கும் இயந்திரம் மட்டும் பிடிக்கும். இலங்கைக் குடிநீர்த் தரமான எஸ்.எல்.எஸ். 614 குளோரைட்டுக்கு வைத்திருக்கும் எல்லை லீற்றருக்கு 250 மில்லிகிராம். நாக்கில் கரிப்புத் தெரியத் தொடங்குவதும் ஏறக்குறைய அந்த அளவில்தான். உப்பைக் குறைக்கச் சொல்லப்பட்ட அப்பாவுக்கு அந்த நாட்களில் குடிக்கவும் சோறு வடிக்கவும் வேறு நீர் வைப்பது நல்லது. அவருடைய வைத்தியரிடமும் சொல்லிவையுங்கள். குளிக்க, துவைக்கப் பயமில்லை. முறைப்பாட்டுக்கு நீர் வழங்கல் சபையின் 1939 இருக்கிறது. கரிப்புத் தொடங்கிய நாளையும் நேரத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மேற்பக்கத்து ஆபத்து வேறு வகை. பியகமப் பக்கத் தொழிற்சாலைகளின் கழிவுநீர் சேரும் ஓடைகள் அம்பத்தளைக்கு மேலே ஆற்றில் விழுகின்றன. 2015 ஆகஸ்டில் அந்தப் பக்கத் தொழிற்சாலை ஒன்றிலிருந்து டீசல் கசிந்து ஆற்றில் கலந்தபோது அம்பத்தளையில் நீர் எடுப்பதையே நிறுத்த வேண்டி வந்தது. அதே கசிவு அம்பத்தளைக்கு ஒரு கிலோமீற்றர் கீழே நடந்திருந்தால் குடிநீருக்கு வந்த ஆபத்து மிகச் சிறிதாக இருந்திருக்கும். குழாய் நீரில் எண்ணெய் மணம் வந்தால் உடனே மேல்தாங்கிக்குப் போகும் வால்வைப் பூட்டுங்கள். தாங்கிக்குள் எண்ணெய் ஏறிவிட்டால் சவர்க்காரம் போட்டுத் தேய்த்தாலும் மணம் நாட்கணக்கில் நிற்கும். அந்த நீரைக் கொதிக்கவைக்கவும் கூடாது. மணம் வீடெல்லாம் பரவுமே தவிர நீர் சுத்தமாகாது.

கொழும்புக்கு நீர் தரும் லபுகம, களட்டுவாவ நீர்த்தேக்கங்களுக்கு இந்த இரண்டு சிக்கலும் இல்லை. மேலே காடு, குடியிருப்போ தொழிற்சாலையோ இல்லை. கடல்நீர் எட்டும் உயரமும் இல்லை. அந்தக் காட்டைக் காப்பது கொழும்பு வீடுகளின் குடத்தைக் காப்பதற்குச் சமம்.

கேள்வி: களனிக்கும் எங்களுக்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் ஒரு மணித்தியாலம் மழை பெய்தால் ஒழுங்கையில் முழங்கால் தண்ணீர். கழிப்பறைக் கோப்பை வழியாகவும் மேலே வருகிறது. மாநகர சபை கானைத் துப்புரவு செய்தும் பயனில்லை.
– வாசகர், கிருலப்பனை

பதில்: இது மேலிருந்து வரும் வெள்ளம் அல்ல, கீழே போக வழியில்லாத வெள்ளம். 1992 ஜூன் 4ஆம் திகதி கொழும்பில் ஒரே நாளில் 490 மில்லிமீற்றருக்கும் மேல் மழை கொட்டியபோதும், 2010 நவம்பரில் பாராளுமன்றத்தைச் சுற்றி நீர் நின்றபோதும் நகரை மூழ்கடித்தது நகரிலேயே விழுந்த மழைதான். அது வெளியேற நகரத்துக் கால்வாய்களுக்கு இருக்கும் வாசல்கள் மிகக் குறைவு. வெள்ளவத்தை, தெஹிவளைக் கால்வாய்கள் கடலுக்குப் போகின்றன. முகத்துவாரத்தில் சுரங்க வழி இருக்கிறது. வடக்கே நாகலகம் வீதிப் பக்கம் கதவு வழியாகக் களனிக்குப் போகிறது. களனி, கால்வாயைவிட உயர்ந்தால் அந்தக் கதவைப் பூட்டியே ஆக வேண்டும். இல்லாவிட்டால் ஆறு நகருக்குள் திரும்பி ஓடும். பூட்டினால் நகரத்து மழைநீருக்கு ஒரு வழி குறைகிறது. களனிக்கும் உங்களுக்கும் சம்பந்தம் அங்கே இருக்கிறது.

உங்கள் பக்கத்து நீர் பெரும்பாலும் வெள்ளவத்தை வாயை நம்பியிருக்கிறது. கடலலை அங்கே மணலைக் குவித்து வாயை அடைத்தால் பின்னால் முழுக் கால்வாயும் நிரம்பும். ஒழுங்கைக் கான் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், கால்வாயின் மட்டம் கானின் அடித்தளத்தைவிட உயர்ந்துவிட்டால் நீர் நகராது.

எனவே மழை நேரத்தில் ஒன்றைக் கவனியுங்கள். கானில் நீர் ஓடுகிறதா, நிற்கிறதா, திரும்பி வருகிறதா? ஒரு காய்ந்த இலையைப் போட்டால் தெரிந்துவிடும். வேகமாக ஓடிக்கொண்டே நிரம்பினால் கான் சிறிது. நிற்கிறது என்றால் கீழே எங்கோ அடைப்பு. திரும்பி வந்தால் கால்வாய் மட்டம் உயர்ந்துவிட்டது. கானைத் தோண்டுவதில் பயனில்லை, காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனத்துக்கும் மாநகர சபைக்கும் கால்வாயைப் பற்றித்தான் முறைப்பாடு போக வேண்டும். முறைப்பாட்டில் இந்த மூன்றில் எது என்று எழுதினால் வரும் பொறியியலாளருக்குப் பாதி வேலை முடிந்துவிடும்.

கானைத் துப்புரவு செய்வதைக் கீழ் முனையிலிருந்து தொடங்க வேண்டும். மேல் முனையிலிருந்து கிளறினால் சேறும் பொலித்தீனும் நகர்ந்து போய் அடுத்த வளைவில் இறுகும். அங்கே இருக்கும் வீட்டுக்காரர் முழுகுவார். கீழே வாயைத் திறந்துவிட்டு மேல்நோக்கி வந்தால், தேங்கிய நீரே சேற்றில் ஒரு பங்கை இழுத்துக்கொண்டு போகும். வாரிய சேற்றைக் கரையில் விடாமல் அன்றே ஏற்ற வேண்டும். அடுத்த மழை அதைத் திரும்பக் கானுக்குள் தள்ளிவிடும்.

கழிப்பறைக் கோப்பை வழியாக வருவதற்கு வீட்டிலேயே செய்யக்கூடியது உண்டு. வீட்டுக் கழிவுக் குழாய் தெருக் குழாயோடு சேரும் கடைசிக் குழியில் ஒருவழி மடிப்பு வால்வு பொருத்தலாம். உள்ளே இருக்கும் தட்டு வெளிநோக்கி மட்டும் திறக்கும். தெருப் பக்கம் நீர் உயர்ந்தால் தானாக மூடும். குழாயின் விட்டத்துக்கு, பெரும்பாலும் 4 அங்குலத்துக்கு, வாங்குங்கள். உடம்பில் உள்ள அம்புக்குறி தெருவை நோக்க வேண்டும். குழியின் மூடியைச் சீமெந்தால் அடைத்துவிடாதீர்கள்; தலைமுடியும் கொழுப்பும் தட்டில் சிக்கினால் மூடாது, மாதம் ஒரு முறை திறந்து கழுவ வேண்டும். தட்டு மூடியிருக்கும் நேரத்தில் உங்கள் கழிவுநீரும் வெளியே போகாது. அந்த நேரம் உடுப்புக் கழுவும் இயந்திரத்தைப் போட்டால் உங்கள் குளியலறையை உங்கள் நீரே நிரப்பும்.

கேள்வி: கிணற்றுக்கும் மலக்குழிக்கும் 50 அடி இருந்தால் போதுமா? பக்கத்துக் காணியில் புதிதாகக் குழி தோண்டுகிறார்கள்.
– வாசகர், ஹெந்தளை

பதில்: தூரம் பாதிக் கதைதான். மீதிப் பாதி, குழி உங்கள் கிணற்றுக்கு நிலத்தடி நீரோட்டத்தில் மேற்பக்கமா கீழ்ப்பக்கமா என்பது. 60 அடியில் மேற்பக்கம் இருக்கும் குழி, 40 அடியில் கீழ்ப்பக்கம் இருக்கும் குழியைவிட ஆபத்தாகலாம். ஹெந்தளையில் மணல் நிலம். நீர் வேகமாக ஊரும், கிருமி வடிபடுவது குறைவு. நிவாரண முகாம்களுக்கான ஸ்பியர் அளவுகோல் 30 மீற்றர் தூரமும், குழியின் அடி நிலத்தடி நீர்மட்டத்துக்கு 1.5 மீற்றராவது மேலேயும் கேட்கிறது. உங்கள் பக்கம் மழைக்காலத்தில் நீர்மட்டம் இருக்கும் உயரத்துக்கு அந்த இரண்டாவது நிபந்தனைதான் கடினம்.

நீரோட்டத் திசையை அயலிலுள்ள மூன்று கிணறுகளை வைத்து நீங்களே காணலாம். மூன்றும் ஒரே கோட்டில் இருக்கக் கூடாது. முக்கோணமாக அமைய வேண்டும். அதிகாலை, யாரும் மோட்டர் போடுவதற்கு முன் அளவுங்கள். மேசன்மார் வைத்திருக்கும் தெளிவான நீர்மட்டக் குழாயால் மூன்று கிணற்றடியிலும் ஒரே மட்டத்தில் சுவரிலோ தடியிலோ கோடு போடுங்கள். குழாய்க்குள் காற்றுக் குமிழி இருந்தால் கோடு பிழைக்கும். பிறகு அந்தக் கோட்டிலிருந்து நீர் எவ்வளவு கீழே என்று நாடாவால் அளவுங்கள். முதற் கிணற்றில் 2.00 மீற்றர், அடுத்ததில் 2.15, மூன்றாவதில் 2.30 என்று வந்தால் நீர் ஏறக்குறைய முதலாவதிலிருந்து மூன்றாவதின் பக்கம் ஊர்கிறது. கிணற்றுக் கட்டின் விளிம்பிலிருந்து அளந்தால் தப்பான விடை வரும். கட்டுகள் ஒரே உயரமல்ல. மாரியில் ஒரு தடவை, கோடையில் ஒரு தடவை அளப்பது நல்லது, ஏனென்றால் ஆறும் கால்வாயும் ஏறும் காலத்தில் திசை மாறக்கூடும்.

நீண்ட நேரம் மோட்டர் போட்டு நீர் இறைத்தால் கிணற்றைச் சுற்றி நீர்மட்டம் பள்ளமாகி, கீழ்ப்பக்கத்து நீரும் கிணற்றை நோக்கித் திரும்பும். குழி கீழ்ப்பக்கம் என்று உறுதியானாலும் ஒரே மூச்சில் தாங்கியை நிரப்பாமல் இடைவிட்டு இறையுங்கள். அயலவர் தோண்டி முடிப்பதற்கு முன் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை அழைத்து இந்த அளவுகளைக் காட்டுங்கள். கட்டிய பிறகு மாற்றச் சொல்வது இரண்டு வீட்டுக்கும் மனக்கசப்பு.

கேள்வி: தண்ணீர்க் கட்டணம் திடீரென்று கூடிவிட்டது. எந்தக் குழாயும் ஒழுகவில்லை. குழாய்க்காரர் ஒருவழி வால்வு போட வேண்டும் என்கிறார். தேவையா?
– வாசகி, தெமட்டகொட

பதில்: முதலில் ஒழுக்கு எங்கே என்று கண்டுபிடியுங்கள், வால்வு வேறு காரியத்துக்கு. வீட்டுத் தண்ணீர் மானிக்கு முன்னால், வீதிப் பக்கம் இருப்பது நீர் வழங்கல் சபைக்குரியது, அதில் கை வைக்கக் கூடாது. மானிக்குப் பின்னால் உள்ளது எல்லாம் உங்கள் பொறுப்பு, உங்கள் செலவு.

மேல்தாங்கி நிரம்பி மிதவை வால்வு நின்ற பிறகு எல்லாக் குழாய்களையும் பூட்டி, மானியின் சிவப்பு எண்களையும் குறித்து, அரை மணித்தியாலம் பொறுங்கள். எண் நகர்ந்தால் மானிக்குப் பின்னால் உள்ள முதல் வால்வைப் பூட்டுங்கள். அப்போதும் நகர்ந்தால் ஒழுக்கு மானிக்கும் வால்வுக்கும் இடையில், அல்லது வால்வே சரியாகப் பூட்டவில்லை. நின்றுவிட்டால் அதைத் திறந்து, தாங்கியின் வாயிலுள்ள வால்வைப் பூட்டிப் பாருங்கள். மானி நகர்ந்தால் நிலத்துக்கடியிலோ சுவருக்குள்ளோ போகும் குழாயில் ஒழுக்கு. நின்றால் மிதவை வால்வு கசிகிறது, அல்லது தாங்கிக்குக் கீழே எங்கோ போகிறது. தாங்கியின் வழிவுக் குழாய் ஈரமாக இருந்தால் மிதவையின் வாஷர் தேய்ந்துவிட்டது. காய்ந்திருந்தால் கழிப்பறைத் தொட்டிகளில் உணவு நிறத்தை ஒரு சொட்டு விட்டு, அலசாமல் அரை மணித்தியாலம் வையுங்கள். கோப்பைக்குள் நிறம் இறங்கினால் அங்கேதான் பணம் போகிறது.

ஒருவழி வால்வின் வேலை, வீதிக் குழாயில் நீர் நின்றுபோகும்போது உங்கள் வீட்டு நீர் வீதிக்குத் திரும்பாமல் காப்பது. திருத்த வேலைக்காக நீரை வெட்டும் நாளில் வீதிக் குழாய் வெறுமையாகி உள்ளே உறிஞ்சும். அந்த நேரம் உங்கள் இறப்பர்க் குழாய் துடைப்ப வாளிக்குள் மூழ்கிக் கிடந்தால் அந்த அழுக்கு நீர் வீட்டுக் குழாய்க்குள்ளும், அதைக் கடந்து அயலவர் குடிநீருக்குள்ளும் போகும். இங்கே கீழ்ப்பக்கம் இருக்கும் நீங்கள் மேற்பக்கத்தைக் கெடுக்கிறீர்கள். ஆகவே வால்வு போடுவது நல்லதுதான். அதன் அம்பு வீட்டை நோக்க வேண்டும்; மாற்றிப் போட்டால் ஒரு சொட்டும் வராது. மானியை அடுத்துப் பூட்டு வால்வு, அடுத்து வலை வடிகட்டி, அதன் பிறகு ஒருவழி வால்வு என்பதே வரிசை. வடிகட்டி முன்னால் இல்லாவிட்டால் மண்துகள் வால்வின் இருக்கையில் சிக்கி, மூடாமல் நிற்கும். வடிகட்டியின் கழற்றும் முனை கீழ்நோக்கி இருந்தால்தான் துகள் அதில் தங்கும். இருபுறமும் கழற்றிப் பூட்டக்கூடிய இணைப்பு (யூனியன்) போட்டால் அடுத்த தடவை குழாயை வெட்டத் தேவையில்லை.

வால்வு இருந்தாலும் இறப்பர்க் குழாயை வாளிக்குள் மூழ்கவிடாதீர்கள். தாங்கிக்குள் நீர் விழும் வாய், வழிவுக் குழாயைவிட உயரத்தில் இருக்க வேண்டும். வீதிக் குழாயில் நேரடியாக மோட்டர் பூட்டி உறிஞ்சுவதைச் சபை அனுமதிப்பதில்லை. நீங்கள் உறிஞ்சும்போது பக்கத்துக் கானோரம் போகும் குழாயின் வெடிப்புகள் வழியாக அழுக்கு நீர் உள்ளே இழுபடும். உங்கள் ஒழுங்கையில் கடைசி வீட்டுக் குழந்தை அதைத்தான் குடிக்கும். அழுத்தம் போதவில்லை என்றால் நிலத்தில் தொட்டி வைத்து, அது தானாக நிரம்பிய பிறகு தொட்டியிலிருந்து மேல்தாங்கிக்கு மோட்டரால் ஏற்றுங்கள்.